கோடைக்காலக் காய்கறிப் பட்டத் திட்டம்

தை முதல் ஆனி வரையிலான மாதங்களில் எந்தக் காயை, எந்த வாரத்தில், எத்தனை சென்டில் விதைப்பது அல்லது நாற்று விட்டு நடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்து எழுதிக்கொள்ளும் முறையே கோடைக்காலக் காய்கறிப் பட்டத் திட்டம். இக்கட்டுரை தமிழ்நாட்டின் சமவெளி மாவட்டங்களில், கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ நம்பிக் காய்கறி வைக்கும் சிறு, குறு விவசாயிகளின் நிலையை வைத்து எழுதப்பட்டது. அரசுக் கணக்கில் இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை வைத்திருப்பவர் சிறு விவசாயி. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளுக்குத் தனிப் பட்டங்கள் உண்டு. அவை இங்கே சேரவில்லை.

ஆடிப்பட்டம் தேடி விதை என்ற சொல்லுக்குப் பின்னால் மழை இருக்கிறது. ஆடியில் போட்ட விதைக்கு ஆவணி, புரட்டாசி மழையும், அதன் பின் வடகிழக்குப் பருவமழையும் துணை வரும். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் பெய்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரை கிடைப்பது ஏழில் ஒரு பங்கு அளவுதான். அதுவும் இடி மின்னலோடு இரண்டு மூன்று நாள் கொட்டிவிட்டுப் போகும் கோடைமழை. அதை நம்பி நாள் குறிக்க முடியாது. ஆகவே தை, மாசி, சித்திரைப் பட்டங்களுக்குத் திட்டம் போடும்போது பஞ்சாங்கத்துக்கு முன்பாகக் கிணற்றை எட்டிப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

கோடைப் பட்டத்தில் வரும் நட்டத்தின் வேர் பெரும்பாலும் ஒன்றுதான். தை மாதத்தில் கிணறு நிறைந்திருக்கும். செடியோ சின்னஞ்சிறியது, குறைவாகக் குடிக்கும். சித்திரையில் செடி பூத்துக் காய்த்து முழுத் தண்ணீர் கேட்கும். அப்போது கிணறு அடியில் கிடக்கும். தையில் கிணறு இருக்கும் இருப்பைப் பார்த்து ஒரு ஏக்கர் நட்டவர், சித்திரையில் அரை ஏக்கருக்கு மட்டும் பாய்ச்சி மீதியைக் காய விடுகிறார். அந்தப் பாதியில் போட்ட விதை, எரு, உழவுக் கூலி, களையெடுத்த கூலி எல்லாம் போய்விடும். எனவே திட்டத்தின் முதல் வரியில் எழுத வேண்டியது, சென்ற ஆண்டு சித்திரையில் மோட்டார் நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் இடைவிடாமல் இறைத்தது என்பதுதான்.

கணக்கு கடினமானதல்ல. 200 லிட்டர் பிடிக்கும் டிரம் ஒன்றைக் குழாய் வாயில் வைத்து, நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 48 நொடியில் நிரம்பினால் மணிக்கு 15,000 லிட்டர். ஒரு சென்ட் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் சுமார் 40 லிட்டர். கடும் வெயிலில் காய்ப்பில் உள்ள பயிரும் மண்ணும் சேர்ந்து ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் இழப்பதாகக் கொண்டால், சென்டுக்கு 240 லிட்டர் வேண்டும். சித்திரையில் கிணறு ஒரு மணி நேரமே தாங்கும் என்றால், 15,000 லிட்டரில் ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் 62 சென்ட்தான் பாயும். வாய்க்காலில் விட்டுப் பாத்தி கட்டிப் பாய்ச்சும்போது பாதி வழியிலேயே போய்விடும் என்று வைத்தால், நடத்தக்க பரப்பு 30 சென்ட். சொட்டுநீரில் பத்தில் ஒரு பங்கு போனாலும் 55 சென்ட் தேறும்.

இந்த வேறுபாட்டால்தான் சிறு விவசாயிக்குச் சொட்டுநீர் மற்ற எல்லாச் செலவுக்கும் முந்திய செலவாகிறது. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு நுண்ணீர்ப் பாசனம் அமைக்க நூறு சதவீத மானியம் உண்டு. மற்றவர்களுக்கு 75 சதவீதம். வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்றிதழ், சிட்டா, அடங்கல் ஆகியவை கேட்கப்படும். விண்ணப்பித்து, குழாய் நிலத்தில் இறங்க நாளாகும் என்பதால் கோடைக்கு வேண்டியதை ஐப்பசி, கார்த்திகையிலேயே தொடங்கிவிடுவது நல்லது.

கோடை தாங்கும் காய்கள்

வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை இனங்கள், வெள்ளரி, பாகல், புடல், பீர்க்கு, பூசணி ஆகியவை வெப்பத்தோடு பழகியவை. இவற்றில் கொத்தவரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும்; தண்ணீர் இரண்டு நாள் தவறினாலும் செடி நிற்கும். கிணறு சந்தேகமாக உள்ளவர்கள் ஒரு பகுதியையாவது அதற்கு ஒதுக்கலாம். தண்டுக்கீரை, சிறுகீரை போன்றவை அதிக ஒளியையும் வெப்பத்தையும் திறமையாகப் பயன்படுத்தும் தாவர வகை. மூன்று நான்கு வாரத்தில் காசாகிவிடுவதால், மற்ற காய்கள் பறிப்புக்கு வரும்வரை வீட்டுச் செலவை அவை தாங்கும்.

வெண்டைக்கு மாசியே சரியான விதைப்பு மாதம். நேரடி விதைப்புதான், வரிசைக்கு வரிசை 45 செ.மீ., செடிக்குச் செடி 30 செ.மீ. ரகங்களுக்கு எக்டருக்கு 8 கிலோ விதை என்பது பரிந்துரை. பத்து சென்டுக்கு 320 கிராம் ஆகிறது. விதைத்த 45ஆம் நாள் அளவில் பறிப்பு தொடங்கும். அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காட்டில் இறங்கியே தீர வேண்டும். காயின் நுனியைப் பிடித்து ஒடித்தால் சட்டென்று முறிய வேண்டும். வளைந்து நார் தெரிந்தால் பறிப்பு பிந்திவிட்டது, சந்தையில் அதற்கு விலை கிடையாது. பறிப்புக்கு வீட்டில் எத்தனை கை இருக்கிறது என்பதும் பரப்பை முடிவு செய்யும் கணக்கில் சேர வேண்டும்.

தக்காளி கோடையில் நிதானம் கேட்கும் பயிர். பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டி, இரவும் குளிராமல் போனால் மகரந்தம் உயிர்ப்பிழக்கும், பூ உதிரும். பிடித்த காயும் 30 டிகிரிக்கு மேல் சரியாகச் சிவப்பதில்லை. மஞ்சளோடிய ஆரஞ்சு நிறத்தில் நின்றுவிடும். அதனால் பூக்கும் காலம் அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே முடியும்படி நட வேண்டும். மாசி முதல் தேதி நடவென்றால் சித்திரை முதல் வாரத்தில் பழம் பார்க்கலாம். பங்குனி கடைசியில் நட்டால் செடி பூப்பது மே மாத அனலில்தான். 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசு ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது பலருக்கும் நினைவிருக்கும். அப்படியொரு விலையை மனத்தில் வைத்துக்கொண்டு சித்திரையில் நடுபவர்களுக்குச் செடி பெரும்பாலும் ஏமாற்றத்தையே தருகிறது. நிழல்வலையும் போதுமான தண்ணீரும் இல்லாத சிறு விவசாயி அந்தப் பந்தயத்தில் இறங்கக் கூடாது.

நாட்டுக் கொடி அவரையைக் கோடையில் போடுவதும் வீண். பகல் பொழுது குறுகும் காலத்தில்தான் அது பூக்கும். மாசியில் போட்டால் பந்தல் நிறையத் தழைக்குமே தவிரக் காய்க்காது. அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை ரகங்களே ஏற்றவை. பூசணி வகைக் கொடிகளிலும் வெப்பத்தின் கைவரிசை உண்டு. நீண்ட பகலும் சூடும் சேர்ந்தால் ஆண் பூக்கள் பெருகிப் பெண் பூக்கள் குறையும். இதனால்தான் பாகல், புடல், பூசணி விதைகளை மார்கழி, தை மாதங்களிலேயே ஊன்றிவிடும்படி பரிந்துரைக்கப்படுகிறது.

நாற்றங்கால்

தக்காளி நாற்றுக்கு 25 நாள், கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு 40 முதல் 45 நாள். நடவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் விதைக்கும் நாள் கிடைக்கும். மாசி முதல் தேதி தக்காளி நட, தை முதல் வாரத்தில் விதை தட்டில் இருக்க வேண்டும். கத்தரியும் மிளகாயும் அதே நாளில் நட வேண்டுமானால் மார்கழியிலேயே விதைத்தாக வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் விதைத்துவிட்டு, தக்காளி நாற்று முற்றி நெட்டையாகும் வரை மிளகாய்க்காகக் காத்திருப்பது பல ஊர்களில் நடக்கும் தவறு. முற்றிய நாற்று நட்ட இடத்தில் வேர்பிடிக்கத் திணறும், காய்ப்பும் குறையும்.

பத்து சென்டில் 60க்கு 45 செ.மீ. இடைவெளியில் சுமார் 1,500 தக்காளிச் செடிகள் நிற்கும். பட்டுப்போகும் செடிகளுக்கு ஈடாகப் பத்து சதவீதம் சேர்த்தால் 1,650 நாற்று. 98 குழி கொண்ட குழித்தட்டு 17 போதும். மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பிக் குழிக்கு ஒரு விதை இட்டு, நிழல்வலைக்கு அடியில் வைப்பது வழக்கம். தட்டில் வளர்ந்த நாற்றைத் தண்டோடு மெல்ல இழுத்தால், வெள்ளை வேர் பின்னிய நார்க்கட்டி உடையாமல் கூம்பாகக் கையோடு வரும். அப்படி வந்தால்தான் நாற்று தயார். கட்டி உதிர்ந்தால் இன்னும் நான்கு நாள் பொறுக்க வேண்டும். மேட்டுப்பாத்தியில் வளர்த்துப் பிடுங்கும் நாற்றில் வேர் அறுபடும், கோடையில் அந்தக் காயம் ஆறுமுன் வெயில் வாட்டிவிடும். குழித்தட்டின் பெரும்பயன் இதுதான். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குறைத்து, நிழல்வலையையும் விலக்கி நாற்றைக் கடினப்படுத்த வேண்டும்.

நடவும் காப்பும்

கோடையில் நடவு மாலை நான்கு மணிக்கு மேல்தான். நிலத்தைக் காலையிலேயே நனைத்து வைத்து, வெயில் தாழ்ந்ததும் பாரின் ஒரு பக்கச் சரிவில் நாற்றை வைத்து வேரருகே விரலால் அழுத்திவிட வேண்டும். அடுத்த வெயிலுக்கு முன்னால் செடிக்கு ஒரு முழு இரவு கிடைக்கிறது. மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுவது பொது வழக்கம். மணற்பாங்கான நிலத்தில் அதுவரை காத்திருக்கக் கூடாது. கரும்புச் சோகை, வைக்கோல், காய்ந்த இலை எது கிடைத்தாலும் மூடாக்காகப் போடலாம். மண் சூடு குறைவதோடு களையும் அடங்கும். மேற்கு வரப்பில் அகத்தி நின்றால் பிற்பகல் வெயிலின் வேகம் தணியும்.

கோடையின் பெரும்பகை வெள்ளை ஈ. தக்காளிக்கு இலைச்சுருட்டு நோயையும், வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமலையும் அதுவே கொண்டுவருகிறது. வெண்டை இலையில் நரம்புகள் மட்டும் மஞ்சள் வலைபோலத் தெரியத் தொடங்கினால் அந்தச் செடிக்கு மருந்து கிடையாது. அன்றே பிடுங்கி அழிப்பதுதான் வழி. அதனால் காப்பு விதை வாங்கும்போதே தொடங்குகிறது. வெண்டையில் அர்கா அனாமிகா தேமலைத் தாங்குவதற்காக உருவான ரகம். தக்காளியில் அர்கா ரக்ஷக் இலைச்சுருட்டைத் தாங்கும் வீரிய ஒட்டு. இரண்டும் பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள். வயலைச் சுற்றி நடவுக்கு முன்பே இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைத்து வைப்பதும், நாற்றங்காலைப் பூச்சிவலையால் மூடுவதும் உதவும். சென்ற பட்டத்தில் கத்தரி நின்ற இடத்தில் தக்காளியோ மிளகாயோ வைக்கக் கூடாது. மூன்றும் ஒரே குடும்பம், நூற்புழுவும் வாடல் நோயும் மண்ணில் காத்திருக்கும்.

சந்தையும் சுழற்சியும்

முழு நிலத்தையும் ஒரே நாளில் நட்டால் காயெல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். மண்டியில் ஏலத்துக்கு மூட்டை மூட்டையாகக் கொண்டு போகிறவருக்கு அது சரிப்படலாம். உழவர் சந்தையில் தானே தராசு பிடிக்கும் சிறு விவசாயிக்கு நாள்தோறும் நான்கு வகைக் காய் கொஞ்சம் கொஞ்சமாக வேண்டும். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டதிலிருந்து இந்த வழி திறந்தே இருக்கிறது. வெண்டையை மாசி தொடக்கத்தில் ஒரு பகுதி, மாசி நடுவில் ஒரு பகுதி, பங்குனி தொடக்கத்தில் ஒரு பகுதி என்று மூன்றாகப் பிரித்து விதைத்தால் பங்குனி முதல் வைகாசி வரை பறிப்பு அறாது.

வைகாசி முகூர்த்தங்களைக் கணக்கில் வைப்பவர்கள் தை முதல் வாரத்தில் பூசணி ஊன்றுகிறார்கள். நான்கு மாதத்தில் முற்றும் காய், பறித்த பின்னும் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். விலைக்குக் காத்திருக்கும் வசதியை இவ்வளவு தாராளமாகத் தரும் காய் வேறில்லை. கோடைமழை பெய்து கிணறு சற்று ஏறினால், சித்திரை, வைகாசியில் காலியான பாத்திகளில் சின்ன வெங்காயம் நடலாம். பத்து சென்டுக்கு 60 கிலோ விதைக்காய் தேவை.

கோடைப் பட்டத்தை முடிக்கும் தேதியையும் திட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். ஓய்ந்த வெண்டைச் செடியை விலை ஏறுமென்று ஆனி முழுவதும் விட்டுவைத்தால் தேமலும் வெள்ளை ஈயும் அடுத்த பயிருக்குத் தாவும். ஆனி பிறந்ததும் செடிகளை அகற்றி, ஒரு மழை கிடைத்தவுடன் உழுது ஆறப்போட்ட நிலமே ஆடி முதல் வாரத்தில் விதைக்குத் தயாராக இருக்கும்.