வலப்புறம் வந்த ஸ்டியரிங்

மோட்டார் வண்டியில் ஓட்டுநர் எப்புறம் அமர்வது என்பது சிறு செய்தியாகத் தோன்றும். ஆயினும் அதன் பின்னே நெடிய வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டுப் பழைய வண்டிகளை விரும்பி வாங்கி, இடப்புறத்து ஸ்டியரிங்கை வலப்புறத்திற்கு மாற்றி ஓட்டுவோர் ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் இன்றும் உளர். இது வண்டியின் இயல்பைக் கெடுப்பதாகுமா, அன்றி வாழும் நாட்டின் சாலைக்கு அதனைத் தகுதியாக்குவதாகுமா? இவ்வினாவிற்கு வரலாறே விடை கூறுகின்றது.

இங்கிலாந்தில் 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் வண்டிகள் இடப்புறமாகச் செல்ல வேண்டுமென விதித்தது. ஆங்கிலேயர் ஆட்சி பரவிய நம் நாட்டிலும் ஆஸ்திரேலியாவிலும் அவ்வழக்கமே நிலைபெற்றது. அமெரிக்காவிலோ, 1792இல் பென்சில்வேனியாவின் ஒரு நெடுஞ்சாலைக்கும், 1804இல் நியூயார்க் மாநிலம் முழுமைக்கும் வலப்புறம் செல்லும் விதி ஏற்பட்டது.

வலப்புறம் செல்லும் அந்நாட்டிலும், தொடக்க கால மோட்டார் வண்டிகள் பலவற்றில் ஓட்டுநர் வலப்புறமே அமர்ந்தார் என்பது வியப்பிற்குரியது. செப்பனிடப்படாத மண் சாலையில் ஓரத்துப் பள்ளத்தைக் கவனிப்பதே அந்நாளில் பெருங்கவலையாயிருந்தது. 1908 அக்டோபரில் வெளிவந்த ஃபோர்டு ‘மாடல் டி’ வண்டி ஸ்டியரிங்கை இடப்புறம் அமைத்தது. எதிர்வரும் வண்டியை ஓட்டுநர் நன்கு காணலாம். உடன் வருவோர் நடைபாதையோரம் இறங்கலாம். 1927 வரை 1.5 கோடி வண்டிகள் அவ்வகையில் உருவாயின. பிற நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. பியர்ஸ்-ஆரோ நிறுவனம் மட்டும் 1920 வரை வலப்புறத்தை விடாது பற்றி நின்றது. ஆகவே, இடப்புற ஸ்டியரிங் அமெரிக்க வண்டியின் பிறவிக்குணமன்று. சாலை கற்பித்த பழக்கமே.

இதனை அந்நாட்டு வணிகரே நன்கு உணர்ந்திருந்தனர். 1904இல் தோன்றிய கனடா நாட்டு ஃபோர்டு நிறுவனம், பிரிட்டன் நீங்கலான பேரரசு நாடுகளில் வண்டி விற்கும் உரிமை பெற்று, வலப்புற ஸ்டியரிங் உடைய வண்டிகளை அனுப்பியது. 1926இல் ஃபோர்டு நிறுவனத்தின் இந்தியக் கிளை நிறுவப்பெற்றது. 1928இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாய்ச் சிவ்ரியில் ஷெவர்லே வண்டிகளைப் பூட்டத் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னரும், பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் டாட்ஜ், பிளிமத் வண்டிகளை உருவாக்கியது. நம் பெரியோர் நகரத் தெருக்களில் கண்டு வியந்த நீண்ட அமெரிக்க வண்டிகளுள் பல இவ்வாறு நம் சாலைக்கெனவே அமைந்தவை.

அமைப்பிலும் இந்த முன்யோசனை புலப்படும். 1955ஆம் ஆண்டின் ஷெவர்லேயில் ஓட்டுநர் முன்னுள்ள விசிறி வடிவ அளவுமானிப் பகுதிக்கு இணையாக, மறுபுறம் அதே வடிவில் வானொலியின் ஒலிபெருக்கி மூடி அமைந்திருந்தது. இரண்டும் இடம் மாறினாலும் அழகு குன்றாது. ஃபோர்டு மஸ்டாங்கோ இடப்புற ஸ்டியரிங்குடனேயே பிறந்தது. 1960களின் நடுவில், ஆஸ்திரேலிய ஃபோர்டு நிறுவனம் சிட்னியை அடுத்த ஹோம்புஷ் தொழிற்சாலையில் ஏறத்தாழ 200 மஸ்டாங் வண்டிகளை வலப்புறத்திற்கு மாற்றி விற்றது. அமெரிக்கத் தொழிற்சாலையிலேயே வலப்புற ஸ்டியரிங்குடன் மஸ்டாங் உருவாவதற்கு 2015 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இம்மாற்றம் ஒரு சக்கரத்தைக் கழற்றி அப்பால் வைக்கும் வேலையன்று. ஸ்டியரிங் பெட்டி வலப்புறத்திற்கென அமைந்ததாக இருத்தல் வேண்டும். இடப்புறப் பெட்டியைத் தலைகீழாகப் பூட்டினால் சக்கரம் ஒருபுறமும் வண்டி மறுபுறமும் திரும்பும். அதனோடு பிரேக், கிளட்ச், ஆக்ஸிலரேட்டர் மிதிகளும், பிரேக் எண்ணெய் உருளையும், அளவுமானிகளும் இடம் மாற வேண்டும். மழைநீர் துடைக்கும் வைப்பர் எதிர்ப்புறம் வீச வேண்டும். முன்விளக்கின் தாழ்ந்த ஒளி, எதிரே வருபவர் கண்ணைக் கூசச் செய்யாது, இடப்பக்கம் சாய வேண்டும். செலவைச் சுருக்க எண்ணிச் சிலர் பழைய பெட்டியை அங்கேயே விட்டு, சங்கிலி கொண்டு புதிய சக்கரத்தை இணைப்பதுண்டு. சங்கிலி தளர்ந்தால் சக்கரம் திரும்பியும் வண்டி உடனே திரும்பாது. ஸ்டியரிங் தண்டுகளை நெருப்பில் காய்ச்சி வளைத்தாலோ எஃகின் வலிமை கெடும். இரயிலுக்குத் தண்டவாளம் வழிகாட்டும். சாலை வண்டிக்கோ ஓட்டுநரின் கண்ணும் கையுமே வழிகாட்டி. அவ்விரண்டையும் சக்கரத்தோடு பிணைக்கும் உறுப்புகளில் சிக்கனம் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

மாற்றாமலே ஓட்டலாகாதா எனின், இடம் செல்லும் சாலையில் இடப்புறம் அமர்ந்தவர், முன்செல்லும் லாரியைத் தாண்ட முயலுங்கால் எதிர்வருவதைக் காண்பது அரிது. நம் நாட்டு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 120ஆம் பிரிவு, இடப்புற ஸ்டியரிங் வண்டியைப் பொதுவிடத்தில் ஓட்டுவதாயின் விதிப்படியான குறிகாட்டும் கருவி செவ்வனே இயங்குதல் வேண்டும் என்கின்றது. ஆஸ்திரேலிய மாநிலங்கள் பலவற்றில், முப்பது ஆண்டு கடந்த வண்டிகளை மாற்றாமலே ஓட்ட இடமுண்டு. பழமையை உருக்குலையாது காக்க விரும்புவோர் அச்சலுகையை மதிக்கின்றனர். எனினும் நாள்தோறும் நெரிசலில் ஓடவேண்டிய வண்டிக்குப் பழுதற்ற மாற்றமே பாதுகாப்பு.

கடல் கடந்த அவ்வண்டிகள் தம் பெயரையும் எஞ்சினையும் இழக்கவில்லை. புகுந்த நாட்டின் சாலை ஒழுங்கை மட்டுமே ஏற்றன. பிறந்த மண்ணை விட்டுப் பிழைக்க வந்து, தாய்மொழியை இல்லத்தில் பேணி, ஊர் வழக்கத்தைத் தெருவில் போற்றி வாழும் நமக்கு இதன் பொருள் விளக்க வேண்டுவதன்று. மாற வேண்டியதை முறையாக மாற்றுக. மாறக் கூடாததைக் கண்ணெனக் காக்க!