பச்சிளங் குழந்தைத் தாதியக் கல்வி, வவுனியா

மாதம் நிறையாமல் பிறந்த குழந்தையையும் பிறந்த கையோடு நோயுற்ற குழந்தையையும் பராமரிக்கத் தாதிய மாணவர்களைப் பழக்கும் கல்வி இது. வன்னியில் இதற்கு இயல்பான களம் வவுனியா. தாதியர் பயிற்சிக் கல்லூரியும் மாவட்டப் பொது வைத்தியசாலையும் இங்கேயே இருக்கின்றன. மேல் சிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக ஏ9 வீதியில் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அம்புலன்ஸில் கழியும் அந்த நேரம் முழுவதும் பிள்ளையின் உயிர் தாதியின் கையில்தான்.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பு. 2,500 கிராமுக்குக் கீழே பிறப்பது எடை குறைந்த பிள்ளை. இருவருக்கும் முதல் எதிரி குளிர். சித்திரை வெயில் கொளுத்தும் வவுனியாவில் பிள்ளைக்கு எங்கே குளிரப்போகிறது என்று நினைப்பது எளிது. ஆனால், தோலடிக் கொழுப்பு இல்லாத ஈர உடம்புக்கு மின்விசிறிக் காற்றே போதும். அக்குள் வெப்பநிலை 36.5 முதல் 37.5 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். அது இறங்கினால் இரத்தச் சர்க்கரை குறையும், மூச்சும் தளரும். வெப்பமானியை எடுக்கும் முன்பே கை சொல்லிவிடும்: வயிறு சூடாக இருக்க உள்ளங்கால் மட்டும் சில்லிட்டால் குளிர் தொடங்கிவிட்டது, இரண்டும் சில்லிட்டால் ஆபத்து. இந்தத் தொடுகையைப் புத்தகத்தால் கற்பிக்க முடியாது. கட்டிலருகே மூத்த தாதியோடு நின்றுதான் பழக வேண்டும்.

அடுத்தது பால். உறிஞ்சி, விழுங்கி, மூச்சும் விடும் ஒழுங்கு சுமார் 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை தாயின் பீச்சிய பாலை இரைப்பைக் குழாய் வழியே சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். குழாயை அளந்து செலுத்தி, அது இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்த பிறகே பால் விட வேண்டும். ஒட்சிசனும் அளவோடுதான். 1940களிலும் 50களிலும் தாராளமாகக் கொடுத்த ஒட்சிசன், உலகெங்கும் ஆயிரக்கணக்கான குறைமாதப் பிள்ளைகளின் பார்வையைப் பறித்தது.

இன்கியூபேட்டர் தட்டுப்பாட்டால் 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் பிறந்தது கங்காரு முறைப் பராமரிப்பு: தாயின் வெற்று மார்போடு பிள்ளையை நெட்டாக அணைத்துக் கட்டுவது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடன் இதைத் தொடங்கிய குழுவில் 28 நாட்களுக்குள் நேரும் மரணம் கால்வாசி குறைந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இந்த உடனடித் தொடக்கத்தைப் பரிந்துரைத்தது. ஏழ்மைக்கான மாற்றுவழி என்று கங்காரு முறையை மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது தவறு. இதுவே முதன்மைச் சிகிச்சைகளில் ஒன்று. பயந்துபோய்க் கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தாயிடம், “அம்மா, பிள்ளைக்கு உங்கட சூடுதான் வேணும், வாங்கோ” என்று அழைத்து அமர்த்துவதும் பாடத்தின் ஒரு பகுதிதான்.

வீடு செல்லும் நாளில் அபாய அறிகுறிகளைத் தாய் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும்: பால் குடிக்க மறுத்தல், உடம்பு சில்லிடுதல், மூச்சிரைப்பு, அசைவு குறைதல். அதன் பிறகு ஊரில் அந்தப் பிள்ளையைப் பார்க்க வருபவர் குடும்ப நல உத்தியோகத்தர்.