மாசிப் பனியும் குற்றாலத்துக் கிராம்பும்

“தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று பெரியவர்கள் சொல்வார்கள். தென்காசிப் பக்கம் மாசி விடியலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் டீக்கடைக்குப் போவோம். ஆனாலும் நமக்குப் பனி கொட்டுமே தவிர உறையாது.

ஊட்டியில் அப்படியில்லை. மார்கழி முதல் மாசி வரை சில நாள் காலையில் புல்வெளி உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும்; தேயிலைக் கொழுந்து கருகிவிடும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. குற்றாலம் 200 மீட்டர்கூட இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும் என்பது கணக்கு.

இந்த வித்தியாசத்தால்தான் நம்மூருக்கு ஒரு பெருமை கிடைத்தது. கிராம்பு மொலுக்கஸ் தீவுகளின் மரம். உறைபனி பட்டால் பிழைக்காது. அந்த வியாபாரத்தை டச்சுக்காரர்கள் நெடுங்காலம் கைக்குள் வைத்திருந்தார்கள். 1796இல் ஆங்கிலேயர் அம்போய்னாத் தீவைப் பிடித்தார்கள். 1800ஐ ஒட்டி, கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டுக் கிராம்பை வளர்த்தது. மரம் பிழைத்தது. 1850க்குப் பிறகு தெற்குத் திருவிதாங்கூருக்கும் நீலகிரிக்கும் போனது. நீலகிரியிலும் ஊட்டிக்குப் போகவில்லை. மலைச்சரிவில் கீழே இருக்கும் பர்லியாறில்தான் வைத்தார்கள்.

கிராம்புக்குக் குளிர் இல்லாதது மட்டும் போதாது, ஈரமும் நிழலும் வேண்டும். அதைத் தருவது அருவிக்கு மேலே இருக்கும் காடு. அதைக் காப்பது நம் பொறுப்பு.