அய்யங்கார் கமிட்டியும் அஞ்சு மாத்திரையும்

"தம்பி, பிரஷர் மாத்திரை அஞ்சு குடுப்பா" என்று வருகிறவர்கள் எங்கள் கும்பகோணம் கடையில் தினமும் உண்டு. அட்டையை வெட்டும்போது பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சான பக்கம் கடையிலேயே தங்க வேண்டும். அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. அப்படி வெட்டிக் கொடுக்கும் அம்லோடிபின் மாத்திரை ஒன்று, ஒரு டீயைவிட மலிவு. இந்த விலைக்குப் பின்னால் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரின் உழைப்பு இருக்கிறது. எங்கள் தொழிலில் இருப்பவர்களிலேயே பலருக்கு அவர் பெயர் தெரியாதது எனக்குப் பெரிய மனக்குறை.

என். ராஜகோபால அய்யங்கார். வெள்ளைக்காரன் 1911-ல் போட்ட காப்புரிமைச் சட்டத்தை எப்படித் திருத்துவது என்று ஆராய 1957-ல் மத்திய அரசு அவரை அமர்த்தியது. 1959-ல் அறிக்கை கொடுத்தார். இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு 80, 90 வெளிநாட்டார் கையில் இருந்தன. அவற்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே தயாரிப்புக்கே வரவில்லை. தாங்களும் செய்ய மாட்டார்கள், நம்மையும் செய்ய விட மாட்டார்கள். மருந்து விலை மிக அதிகமான நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்று 1961-ல் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழுவே சொன்னது.

மருந்துக்குக் காப்புரிமை வேண்டாம், தயாரிக்கும் முறைக்கு மட்டும் போதும் என்றார் அய்யங்கார். 1970-ல் அது சட்டமாகி, 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 16 ஆண்டு உரிமை, மருந்து விஷயத்தில் அதிகபட்சம் 7 ஆண்டாகச் சுருங்கியது. வேறு முறையில் அதே மருந்தைச் செய்ய நம் வேதியியல்காரர்களுக்கு வழி பிறந்தது.

அம்லோடிபின் பைசர் கம்பெனியின் கண்டுபிடிப்பு. அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தது. 2007 வரை அங்கே மலிவு மாத்திரை வரவில்லை. 2006-ல் மட்டும் பைசருக்கு உலகெங்கும் கிட்டத்தட்ட 500 கோடி டாலர் விற்பனை. எங்கள் அலமாரியிலோ தொண்ணூறுகளிலேயே ஸ்டாம்லோ, அம்லாங் என்று பல பெயர்கள் வந்துவிட்டன. காப்புரிமை முடிகிற நாள் என்று ஒன்று இருப்பதையே நாங்கள் அறியாமல் வியாபாரம் செய்தோம்.

அமெரிக்காவில் அந்த நாள் வந்தும் விலை இறங்காத கதையும் உண்டு. நோவார்டிஸின் பிரஷர் மாத்திரை டயோவான், அதாவது வல்சார்டன், 2012 செப்டம்பரில் காப்புரிமை இழந்தது. முதல் 180 நாள் மலிவு மாத்திரை விற்கும் தனி உரிமை நம்மூர் கம்பெனி ரான்பாக்ஸிக்கு. அதன் ஆலைகள் சிலவற்றின் மருந்துக்கு அமெரிக்கா தடை போட்டிருந்ததால் அனுமதி தள்ளிப்போனது. வரிசையில் பின்னால் நின்ற மற்றவர்களும் நுழைய முடியவில்லை. 2014 ஜூனில்தான் அனுமதி வந்தது. அதுவரை நோயாளிகள் கொடுத்த கூடுதல் பணத்துக்கு யார் பொறுப்பு?

உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தப்படி 2005 ஜனவரி 1 முதல் இந்தியாவிலும் மருந்துக்கே காப்புரிமை, 20 ஆண்டு. அதன் பலனை எங்கள் கடையும் பார்த்தது. அதே வல்சார்டனோடு சாக்குபிட்ரில் சேர்ந்த இதய மாத்திரை, தினம் இரண்டு வேளை. எங்கள் தெரு ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் விலைக்குப் பயந்து ஒரு வேளைதான் போட்டுவந்தார். "சார், அப்படிப் போடாதீங்க" என்று நான் சொன்னால் பென்ஷன் கணக்கைச் சொல்வார். 2023 ஜனவரியில் அந்தக் கூட்டு மருந்தின் காப்புரிமை முடிந்தது. உள்நாட்டு கம்பெனிகள் வரிசையாக இறங்கின, விலை சரிந்தது. அடுத்த மாதம் வாத்தியார் இரண்டு வேளைக்கும் சேர்த்து அறுபது மாத்திரை வாங்கினார்.