திருவிழிப்பிலிருந்து கடற்கரைக்கு

சுதேசி இயக்கத்தின் கதையை அறிந்தோர்க்கு லங்காஷயர் என்னும் பெயர் புதிதன்று. நம் கைத்தறியின் குரல்வளையை நெரித்த ஆலைகள் நின்ற மண் அது. அந்த ஆலைகளில் உழைத்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை எங்கே போனார்கள், யாரோடு போனார்கள், எப்படி மகிழ்ந்தார்கள் என்று நாம் கேட்டதில்லை. கேட்கப் புகுந்தால், கதை ஆலையில் தொடங்காமல் ஒரு கோவில் வாசலில் தொடங்குகிறது.

அவர்களது ஆண்டு விடுமுறைக்கு ‘வேக்ஸ்’ என்று பெயர். விழித்திருத்தல் என்பதே அச்சொல்லின் பொருள். பங்கின் பாதுகாவலர் திருநாளுக்கு முந்திய இரவில் மக்கள் ஆலயத்தில் கண்விழித்து மன்றாடுவர். மறுநாள் திருப்பலிக்குப் பின் ஆலயத்தைச் சுற்றிலும் விருந்து, விளையாட்டு, ஆடல். இதற்கு வேர் மிக ஆழமானது. 601-ஆம் ஆண்டில் திருத்தந்தை பெரிய கிரகோரியார், இங்கிலாந்துக்குப் பயணமான துறவி மெல்லித்துஸுக்கு ஒரு மடல் எழுதினார். அம்மக்களின் பழைய கோவில்களை இடிக்க வேண்டாம். அவற்றைத் தூய்மை செய்து ஆலயமாக்குங்கள். அர்ச்சிப்பு நாளில் மரக்கிளைகளால் பந்தலிட்டு மக்கள் விருந்துண்டு மகிழட்டும் என்பது அதன் சாரம். மகிழ்ச்சியைப் பிடுங்கிவிட்டு மறையைப் புகட்ட முடியாதென்பதை அவர் நன்கு அறிந்திருந்தார்.

லங்காஷயரில் இத்திருநாள் கோரைப்புல்லோடு பிணைந்தது. அக்காலத்து ஆலயங்களின் மண்தரையில் கோரை பரப்புவது வழக்கம். அதனை வண்டியில் கோபுரம்போல் அடுக்கி, பூவும் நாடாவும் சூட்டி, முன்னே ஆடுவோர் ஆடிவர இழுத்து வருவார்கள். சப்பரத்தின் பின்னே நடந்து பழகிய நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

எட்டாம் ஹென்றி ரோமையோடு உறவை முறித்தபின், 1536-இல், ஆலய அர்ச்சிப்புத் திருநாள்கள் யாவும் அக்டோபர் முதல் ஞாயிற்றில் ஒரே நாளாகக் கொண்டாடப்பட வேண்டும் என்று ஆணை பிறந்தது. அறுவடைக் காலத்தில் வேலை கெடுகிறதாம்! லங்காஷயர் மக்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தத்தம் ஊரின் பழைய நாள்களையே பற்றி நின்றனர். பின்னர் தூய்மைவாதிகள் ஞாயிற்றுக்கிழமை ஆடல்களை அறவே ஒழிக்க முயன்றபோது, 1617-இல் முதலாம் ஜேம்ஸ் மன்னர் அந்நாட்டின் வழியே வந்தார். மக்கள் முறையிட்டனர். வழிபாடு முடிந்தபின் ஆடலாம், அம்பெய்யலாம், கோரை சுமந்து ஆலயத்தை அலங்கரிக்கலாம் என்று அரசர் அறிவித்தார். அடுத்த ஆண்டே அது நாடு முழுமைக்கும் விரிந்தது. ஆனால் அதில் ஒரு முள் இருந்தது. அரசுத் திருச்சபையின் வழிபாட்டுக்கு வராதோர்க்கு, அதாவது பழைய மறையைக் கைவிடாத கத்தோலிக்கர்க்கு, அந்த விளையாட்டுகளில் இடமில்லை. கத்தோலிக்கரின் திருவிழிப்பில் பிறந்த கொண்டாட்டத்தில் கத்தோலிக்கனே அன்னியனானான். 1643-இல் பாராளுமன்றம் அந்த அறிவிப்பையே தீயிலிட ஆணையிட்டது.

பிறகு நீராவி வந்தது. ஆலைச் சங்கு மனிதரின் நாளை அளந்தது. திருநாள் வந்தால் தொழிலாளர் வேலைக்கு வருவதில்லை என்று கண்ட முதலாளிகள், எதிர்த்துப் பார்த்துத் தோற்று, இறுதியில் அந்த வாரம் ஆலையையே மூடினார்கள். கொதிகலன்களைப் பழுதுபார்க்கவும் அது வசதியாயிற்று. சம்பளம் மட்டும் கிடையாது. ஊர் ஊராக வெவ்வேறு வாரத்தில் விடுமுறை வந்ததால், கோடை முழுவதும் ஏதேனும் ஓர் ஊர் வெறிச்சோடிக் கிடந்தது.

அவ்வூர் மக்கள் சென்ற இடம் பிளாக்பூல். 1846-இல் அங்கே இருப்புப்பாதை போடப்பட்டது. தொலைதூரத்துப் புண்ணிய யாத்திரை அன்று; காலையில் ஏறினால் சில மணி நேரத்தில் கடல். ஒரே தெருவார், ஒரே தறிக்கூடத்தார் சேர்ந்தே சென்றனர். ஆண்டெல்லாம் வாரந்தோறும் சிறுதொகை கட்டிச் சேர்த்த சங்கப் பணம் அந்த ஒரு வாரத்தில் கரைந்தது. நெசவு நகரங்களில் பெண்களும் தறியோட்டித் தங்கள் கூலியைத் தாங்களே ஈட்டினர். ஆகவே தோழியர் நால்வர் கைகோத்துக் கடலோரம் உலாவியது அந்நாளில் பலரைத் திடுக்கிடச் செய்தாலும், அவர்கள் செலவிட்டது தங்கள் சொந்தக் காசையே.

கடலுக்குள் நீண்ட முதற்பாலம் 1863-இல் கட்டப்பட்டது. அது கண்ணியவான்களின் உலாவிடம். 1868-இல் எழுந்த இரண்டாம் பாலமோ ஏழைகளுடையதாயிற்று. அலைகளுக்கு மேலே, திறந்த வெளியில், இசைக்குழு முழங்க, மரப்பலகைகள் அதிர ஆடினார்கள். அதனை ‘மக்கள் பாலம்’ என்றே அழைத்தனர். 1879-இல் கடற்சாலையில் மின்விளக்கு எரிந்தது; 1885-இல் மின்சார டிராம் ஓடியது. 1894-இல் 158 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. 1899-இல் பிராங்க் மாட்சம் என்னும் சிற்பி அதனடியில் புதிய ஆடலரங்கைச் சமைத்தார். அரண்மனைக்குரிய பொன்வேலையும் படிகச் சரவிளக்குகளும் பஞ்சுத்தூசி படிந்த நுரையீரல்களுக்காக மின்னின. விதிகள் கடுமை: பெண் துணையின்றி ஆண் ஆடலாகாது, ஒழுங்கு மீறினால் உடனே வெளியேற்றம். ஞாயிறன்று ஆடல் இல்லை. திருப்பாடல் இசை மட்டுமே. தூய்மைவாதிகள் பாதி வென்றார்கள் போலும்.

இந்த இன்பத்தை வாங்கிய காசு எங்கிருந்து வந்தது? பிளாக்பர்ன் நகரின் தறிகள் பெருமளவில் நெய்தவை இந்தியர் உடுத்தும் வேட்டிகள். நம் நெசவாளனின் தறி ஓய்ந்ததற்கும் அந்தத் தோழியரின் கடற்கரை வாரத்திற்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல இயலவில்லை. அதற்காக அவர்களைக் குற்றவாளிகளாக்கவும் மனம் வரவில்லை. ஆதாயத்தைப் பங்கிட்டவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள். 1931 செப்டம்பரில் காந்தியடிகள் பிளாக்பர்னை அடுத்த டார்வென் பகுதிக்குச் சென்றார். அந்நியத் துணிப் புறக்கணிப்பால் வேலையிழந்தவர்களும் அங்கே இருந்தனர். ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து கைதூக்கி வாழ்த்தும் புகைப்படம் இன்றும் உள்ளது. ஒரே நூலின் இருமுனைகளில் பசித்தவர்கள் ஒருவரையொருவர் கண்ட நாள் அது.

ஊதியத்தோடு விடுமுறை என்னும் சட்டம் 1938-இல்தான் வந்தது. போருக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மலிவான விமானங்கள் மக்களை ஸ்பெயின் நாட்டுக் கடற்கரைக்குக் கொண்டு சென்றன. 1956 டிசம்பரில் ஆடலரங்கு தீப்பற்றியது. பழைய வடிவம் மாறாமல் புதுப்பித்து 1958-இல் திறந்தார்கள். அங்கே இன்னும் முதியோர் இணையிணையாகச் சுழல்கின்றனர்.

லங்காஷயரின் எல்லையை ஒட்டிய சேடில்வொர்த்தில், நின்றுபோயிருந்த கோரை வண்டி 1975-இல் மீண்டும் கட்டப்பட்டது. ஆகஸ்டு மாதத்தில், ஆடுவோர் பலர் வடம்பிடித்து, மலைச்சரிவுகளின் வழியே அதை ஆலயத்திற்கு இழுத்து வருகிறார்கள். ஆலயத் தரையில் இப்போது கோரை தேவையில்லை.