அந்தப் பத்துப் பேர் எங்கே போனார்கள்?

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து பேசினான். ஓக்லஹோமா மாநிலத்தில் வேலை பார்க்கிறான். யாரென்று உங்களில் சிலருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கமெண்ட்டில் பெயரைப் போட வேண்டாம். அவன் அம்மா பழைய ஆல்பத்திலிருந்து ஒரு போட்டோவை அனுப்பியிருக்கிறார். 1986 ஆண்டுவிழா. யூ.கே.ஜி. பிள்ளைகள் பத்துப் பேர் வரிசையாக நிற்கிறார்கள். தலையில் அட்டைக் கிரீடம், அதில் செருகிய கோழி இறகு, கன்னத்தில் குங்குமக் கோடு. ஓரத்தில் ஒல்லியாக நான்.

அதை மகளிடம் காட்டியிருக்கிறான். அவள் சிரிக்கவில்லையாம். "ஏம்ப்பா இப்படி வேஷம் போட்டீங்க? என் ஃபிரண்டு பார்த்தா வருத்தப்படுவா" என்றாளாம். அந்தத் தோழி செரோக்கி என்ற பழங்குடியைச் சேர்ந்தவள். "மிஸ், நாம பாடுனது என்ன பாட்டு?" என்று என்னைக் கேட்டான். அன்றைக்குப் போனில் ஒழுங்காகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, அரசு வேலைக்குக் காத்திருந்த காலத்தில் நான் ஒரு நர்சரி பள்ளியில் இருந்தேன். அங்கே கொடுத்த ரைம்ஸ் புத்தகத்தில் எண்களுக்கென்று இருந்த பாட்டு அதுதான். ஒன்றிலிருந்து பத்து வரை குட்டி இந்தியர்களை எண்ணி ஏறி, மறுபடி எண்ணி இறங்கும். பக்கத்தில் இறகு வைத்த பையன்கள் பத்துப் பேரின் படம்.

எண் கற்பிக்க இப்படிப்பட்ட புத்தகத்துக்கு ஈடு இல்லை என்று இன்றும் சொல்வேன். பாட்டு, எண்களின் வரிசையை வாயில் ஏற்றிவிடும். ஆனால் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையின் முன்னால் ஏழு புளியங்கொட்டையை வைத்துப் பாருங்கள், திணறும். ஒரு கொட்டையை இரண்டு தரம் தொடும், ஒன்றைத் தாண்டும், எண்ணி முடித்த பிறகு "எத்தனை?" என்றால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கும். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள், கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று இதையெல்லாம் கெல்மன், கேலிஸ்டல் என்ற இருவர் 1978-ல் புத்தகமாகவே எழுதினார்கள். வாய்க்குப் பாட்டு, விரல் வைக்கப் படம், இரண்டும் சேர வேண்டும். நம் திண்ணைப் பள்ளி எண்சுவடியில் 1/320 ஆன முந்திரி வரைக்கும் பாடம் உண்டு, ஆனால் அது முழுக்க வாயும் நினைவும்தான், படம் கிடையாது.

பாட்டும் படமும் மலிவு விலையில் சேர்ந்தது லண்டனில். காலணிக் கொக்கியை மாட்டச் சொல்லித் தொடங்குமே ஓர் ஆங்கில எண் பாட்டு, அது 1805-லேயே ஒரு தொகுப்பில் அச்சாகிவிட்டது. 1860-களில் எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சுக்காரர், வண்ணத்துக்கு ஒரு மரக்கட்டையாகச் செதுக்கி, ஆறு பென்னி விலையில் படப் புத்தகங்களை அச்சிட்டார். வால்டர் கிரேன் என்ற ஓவியர் அந்தக் கொக்கிப் பாட்டையும் அவருக்காக வரைந்தார். ஷூ போடாத நம் ஊர்ப் பிள்ளைகள் நூறு வருஷம் கழித்தும் அதைப் பாடினார்கள் என்பது வேறு கதை.

நம் பாட்டு பிறந்ததும் அந்தப் பத்தாண்டில்தான். எழுதியவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த செப்டிமஸ் வின்னர். ஆண்டு 1868. கான்வென்ட்டில் படித்தவர்களுக்குத் தெரிந்த 'விஸ்பரிங் ஹோப்' பாட்டும் இவருடையதுதான். குழந்தைகளுக்கு எண் சொல்லித்தர அவர் இதை எழுதவில்லை. மேடையில் பெரியவர்களைச் சிரிக்க வைக்க எழுதினார். பத்துப் பேர் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் ஒருவரும் இல்லாமல் போகிறார்கள். நாம் பாடியது அதன் பல்லவியின் வழி வந்தது.

அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஃபிராங்க் கிரீன் என்பவர் அதை மாற்றினார். வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்யும் மேடைக்காக, இந்தியர்களின் இடத்தில் கறுப்பினச் சிறுவர்களை வைத்தார், இழிசொல்லோடு. ஒருவனைத் தேனீ கொட்டுகிறது, ஒருவனைக் கரடி கட்டிப் பிடிக்கிறது. மேடைப் பாட்டு வண்ணப் படப் புத்தகமாகிக் குழந்தைகளின் கைக்கு வந்தது. எண்ணிக் குறைப்பதற்கு இவ்வளவு வசதியான பாட்டு வேறு இல்லை என்பதுதான் அதற்கு உயிர் கொடுத்தது. கழித்தலும் பூஜ்யமும் ஒரே பாட்டில் வந்துவிடுகின்றன.

அகதா கிறிஸ்டி 1939-ல் எழுதிய நாவலுக்கு அந்த இழிசொல் பாட்டுத்தான் தலைப்பு. அமெரிக்காவில் 1940-லேயே தலைப்பை மாற்றிவிட்டார்கள். இங்கிலாந்தில் மாற்ற 1985 ஆனது. இப்போதைய பதிப்புகளில் பத்துப் பேரும் சிப்பாய்கள். வீணை எஸ். பாலசந்தரின் 'நடு இரவில்' படம் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. அங்கிருந்து வந்ததுதான் அதுவும்.

இனி என் மாணவன் இருக்கிற ஊர் விஷயம். 1830-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டு, கிழக்கே இருந்த பழங்குடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே துரத்தியது. 1838-39 குளிர்காலத்தில் செரோக்கி மக்கள் நடந்த அந்த வழிக்கே 'கண்ணீர்ப் பாதை' என்று பெயர். சுமார் 16,000 பேரில் 4,000 பேர் செத்துப்போனார்கள் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். குழந்தைகளும் முதியவர்களும்தான் அதிகம். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம்தான் இன்றைய ஓக்லஹோமா. வின்னர் பாட்டு எழுதிய அதே 1868-ல், நவம்பர் 27 விடியற்காலையில், அதே நிலத்தில் வாஷிட்டா ஆற்றங்கரையில் தூங்கிக்கொண்டிருந்த ஷையான் மக்களின் கிராமத்தைக் கஸ்டர் என்ற தளபதியின் படை தாக்கியது. தலைவர் பிளாக் கெட்டிலும் அவர் மனைவியும் கொல்லப்பட்டார்கள். சமாதானம் பேச அலைந்தவர் அவர். ஓர் ஊரில் ஒரு மக்களைச் சுட்டுக் குறைத்துக்கொண்டிருந்தபோது, இன்னோர் ஊரில் அவர்களைப் பாட்டில் எண்ணிக் குறைத்துச் சிரித்தார்கள்.

எனக்கு இதில் எதுவும் அன்று தெரியாது. ஆனால் ஒத்திகையின்போது ஒரு பையன் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "மிஸ், இந்தியன்னா நாமதானே? நாம எதுக்கு இறகு வைக்கணும்?" கொலம்பஸ் இடம் மாறிப் போன கதையைச் சொல்லிச் சமாளித்தேன். எண்ணி இறங்கும்போது ஒவ்வொருவராகத் திரைக்குப் பின்னால் போக வேண்டும். கடைசியில் மேடை காலி. பெற்றோர் கைதட்டுவார்கள். அவன் விடவில்லை. "அவங்கல்லாம் எங்க மிஸ் போயிட்டாங்க?"

"வீட்டுக்குப் போயிட்டாங்க. நீ வரிசையில நில்லு" என்றேன்.

அவர்கள் வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள். அதோடு, பாட்டு சொல்வது போல ஒருவரும் இல்லாமலும் போகவில்லை. அமெரிக்க அரசின் அங்கீகாரம் பெற்ற பழங்குடிகளே 500-க்கும் மேல் இருக்கின்றன. அந்தத் தோழியின் அப்பா காரில் நம்பர் பிளேட்டே செரோக்கி நாட்டின் பெயரோடுதான் இருக்கிறதாம், என் மாணவன் சொன்னான்.

பிறகு ஒன்றியத் தொடக்கப்பள்ளிக்கு வந்தேன். அங்கே ரைம்ஸ் புத்தகம் எல்லாம் இல்லை. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தென்னை மரம் வரைந்து, பத்து இளநீரை வெட்டி ஒட்டி, ஒவ்வொன்றாக விழவைத்து நானே ஒரு பாட்டுக் கட்டினேன். சந்தம் சுமார்தான். கழித்தல் நன்றாகவே வந்தது. 'தொம்' என்று கத்துவதற்காகவே பிள்ளைகள் மறுபடி மறுபடி கேட்பார்கள். என் ஒன்றாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அந்தப் போட்டோவை இங்கே போடவில்லை. அதில் இருக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இதை நேரில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒன்பது பேரைக் கண்டுபிடித்துவிட்டேன். இடமிருந்து நான்காவதாக, இறகு கண்ணை மறைத்தபடி நிற்கிற பையன் யாரென்று தெரியவில்லை. கேள்வி கேட்டவன் அவனாக இருக்குமோ என்று சந்தேகம். 1986 ஆண்டுவிழாவில் ஆடியவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள்.