அடுப்பை மேலே ஏற்றிய கடப்பா கல்

அம்மி, ஆட்டுக்கல், உரல், வாசற்படி எல்லாவற்றுக்கும் நம் ஊர்க் கருங்கல் போதுமானதாக இருந்தது. அலமாரித் தட்டும் சமையல் மேடையும் வேண்டும் என்று வந்தபோதுதான் அது கைகொடுக்கவில்லை. கருங்கல் பூமிக்கடியில் உருகிய குழம்பு ஆறி இறுகியது. அதில் அடுக்கு கிடையாது. ஆப்பு வைத்துப் பிளந்தால் பாளம் வரும், மெல்லிய பலகை வராது. கடப்பா கல்லோ பழங்காலக் கடலடியில் படிந்து உண்டான சுண்ணாம்புக் கல். ஏடு ஏடாகப் பிரியும். ஒரு அங்குலம், ஒன்றரை அங்குலக் கனத்தில் கையால் நெம்பியே பலகை எடுத்துவிடலாம். இயந்திர ரம்பம் தேவையில்லை. அதனால்தான் அது மலிவு. (கடப்பாரைக்கும் கடப்பாவுக்கும் சம்பந்தம் கட்டிவிடாதீர்கள். தெலுங்கில் 'கடப' என்றால் வாசற்படி. திருப்பதி போகிறவர்களுக்கு அந்த ஊர் வாசற்படி என்பார்கள்.)

1953 அக்டோபரில் ஆந்திரா பிரியும்வரை கடப்பா ஜில்லா நம் சென்னை ராஜதானியில்தான் இருந்தது. ஆகவே நம் தாத்தாக்களுக்கு அது வெளிமாநிலச் சரக்கு அல்ல. சென்னை–பம்பாய் ரயில் பாதையும் கடப்பா வழியாகத்தான் போகிறது. அந்தப் பாதை 1871ல் ராய்ச்சூரில் இணைந்து முழுமையானது. இவ்வளவு பாரமான சரக்குக்கு ரயில் எத்தனை பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அது அலமாரித் தட்டாகத்தான் வந்தது. மரத்தட்டைக் கரையான் அரிக்கும். இதை ஒன்றும் செய்யாது. உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது கேஸ் அடுப்பு. அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தரையில் உட்கார்ந்து விறகு தள்ளிய சமையலறையில் அதற்கு வழியில்லை. இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே ஒரு கடப்பா பலகையைப் போட்டார்கள். அவ்வளவுதான், மேடை தயார்.

எங்கள் தஞ்சாவூர் வீட்டில் 1974ல் மேடை போட்டபோது பாட்டிக்குப் பிடிக்கவே இல்லை. "நின்னுண்டு சமைச்சா வீட்டுல லட்சுமி தங்குமா?" என்றாள். அம்மாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குள் முழங்கால் போயிருந்தது. ஒரு வேளைச் சமையலுக்கு இருபது தடவை உட்கார்ந்து எழுந்தால் யாருக்குத்தான் போகாது? அம்மா பதில் சொல்லவில்லை. மறுநாள் நின்றுகொண்டே சமைத்தாள். நம் பெண்களை எழுந்து நிற்க வைத்ததில் கேஸுக்குக் கிடைத்த பெயர் இந்தக் கல்லுக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை.

கடப்பாவுக்குப் புளிப்பு ஆகாது. சுண்ணாம்புக் கல் அல்லவா, எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் வெளுத்துவிடும். தேங்காய் எண்ணெய் தடவிக் கறுப்பாக்குவோம். அடுத்த ரசத்தில் மறுபடி வெளுக்கும்.

பிறகு வைரப் பல் வைத்த ரம்பங்கள் வந்தன. அறுபடாத கருங்கல் அறுபட்டது, பளபளப்பு ஏறி 'கிரானைட்' என்ற பெயரில் மேடைக்கு வந்து உட்கார்ந்தது. புளிப்பு அதை ஒன்றும் செய்யாது. விலைக்குத் தக்க பெயரும் வைத்தார்கள். 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்ற கல் வந்தது நம் மதுரைப் பக்கத்திலிருந்து!

எங்கள் வீட்டிலும் 2009ல் கிரானைட் போட்டாயிற்று. அம்மா அதைப் பார்க்க இல்லை. பழைய பலகையைக் கொத்தனார் உடைக்கப் போனார், நான் விடவில்லை. பின்கட்டில் தட்டாகப் பதித்திருக்கிறோம். அடுப்புக்கு வலது பக்கம் அம்மா எலுமிச்சம்பழம் நறுக்கும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெளுப்பு. எண்ணெய் போட்டாலும் அது மட்டும் மறைவதில்லை.